சைக்கிள் கம்பியில் ஈரல்

நேசமலருக்குச் சான்ட்விச் என்றால் என்னவென்று தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அதை எத்தனையோ தடவை ஆங்கிலத்தில் தின்றிருக்கிறோம்.

எல்லாம் ஒரு மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தின் புண்ணியம். அதில் ‘ஓர் உல்லாசப் பயணம்’ என்று ஒரு கட்டுரை. ஓர் இனிய காலைப் பொழுதில் கூடையோடு புறப்படுவார்கள். ஓடைக்கரையில் விரிப்பு விரித்துச் சான்ட்விச் தின்பார்கள். கடைசியில், களைத்தாலும் களிப்போடு வீடு திரும்புவார்கள். இதைத் தண்ணிபட்ட பாடாக வைத்திருந்தால் எந்தத் தலைப்பு வந்தாலும் பயமில்லை. உங்கள் நண்பரைப் பற்றி எழுதச் சொன்னால் நண்பரோடு கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். மழையைப் பற்றி எழுதச் சொன்னால் திரும்பி வரும்போது நனையலாம். எங்கள் பக்கத்தில் ஆங்கிலப் பரீட்சை எழுதியவர்கள் எல்லாரும் இப்படித்தான் காலாகாலமாகக் களைத்தும் களித்தும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு துண்டு பாணுக்கு நடுவில என்னடி வைக்கிறது?” என்று ஒருநாள் நேசமலரைக் கேட்டேன். பேக்கரிப் பாணை நாங்கள் சம்பலோடு தின்றுதான் பழக்கம்.

“வெள்ளரிக்காய் எண்டு கிடக்கு.”

“பாணோட வெள்ளரிக்காயை ஆர் தின்னுவாங்க?”

“மஸீனா, உன்னைத் தின்னச் சொல்லேல்லை. பாடமாக்கத்தான் சொன்னது” என்றாள்.

நேசமலர் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இரண்டு பேரும் படித்து முடித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. வன்னி வித்தியா விருத்திச் சபை என்று ஒரு சபை எங்கள் பக்கத்தில் சில பள்ளிக்கூடங்களை நடத்திவந்தது. அதற்கு ஆங்கிலம் படிப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் நுளம்புக்கடியையும் காய்ச்சலையும் கண்டதும் அடுத்த பஸ்ஸிலேயே ஆனையிறவைத் தாண்டித் திரும்பிவிடுவார்கள். அதனால் ஊர்ப் பிள்ளைகளுக்கே ஒரு பரீட்சை வைத்து வேலை கொடுக்கலாம் என்று சபை முடிவுசெய்தது. முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் ஊர்த் தண்ணீரூற்றுப் பள்ளிக்கூடத்திலும் ஓர் இடம் காலியாக இருந்தது. அது எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

எனக்கு அந்த வேலை வேண்டும். சும்மா ஆசை இல்லை, அப்படியொரு வெறி. எங்கள் தெருவில் ஒரு பெண்ணும் வேலைக்குப் போனதில்லை. என் வாப்பா மஹ்றூப்புக்குச் சந்தையடியில் இறைச்சிக்கடை. என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இறைச்சிக்கடைக்காரன்ட மகள் என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் எனக்கென்று ஒரு பேர் வேண்டும் என்று இருந்தது.

வாப்பா நல்ல மனிசன். ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று எப்போதும் ஒரு காதைத் தெருவில் வைத்திருப்பவர். “ஒருக்கா எழுதிப் பார் மகள்” என்றார். “கிடைச்சாப் போ. நான் மறிக்க மாட்டன். கிடைக்காட்டி அதோட விட்டிரோணும். பிறகு வேலை, பரீட்சை எண்டு ஒரு கதையும் இருக்கப்படாது.” நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பரீட்சை வவுனியாவில். நான், நேசமலர், வாப்பா மூன்று பேரும் விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி, ஒருவழியாக வந்துசேர்ந்தோம். உம்மா கட்டிக்கொடுத்த இடியப்பத்தை நான் தொடவே இல்லை. பயத்தில் பசி எடுக்கவில்லை. வாப்பா மரத்துக்குக் கீழே பார்சலும் கையுமாக நிற்க, நான் உள்ளே போனேன்.

தலைப்பைக் கரும்பலகையில் எழுதினார்கள். ‘மறக்க முடியாத ஒரு சாப்பாடு.’

மண்டபமே மூச்சு விட்டது. சாப்பாடுதானே, கூடைக்குள் இருக்கிறதே! எல்லாப் பேனாக்களும் ஒன்றாக ஓடத் தொடங்கின. நானும் ‘ஓர் இனிய காலைப் பொழுதில்’ என்று தொடங்கினேன். எனக்கு முன்னால் இருந்த பிள்ளையின் தாளும் பக்கத்தில் இருந்த பெடியனின் தாளும் கண்ணில் பட்டன. இரண்டிலும் அதே காலைப் பொழுது. நேசமலர் இதற்குள் ஓடைக்கரைக்கே போயிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து என் பயமெல்லாம் போய்ப் பசி வந்தது. பசி வந்தால் எனக்குக் கோபமும் வரும், அது பிறவிக்குணம். வாழ்நாளில் கண்ணால் காணாத ஒரு வெள்ளரிக்காய்ப் பாணை மறக்க முடியவில்லை என்று நான் ஏன் பொய் எழுத வேண்டும்? எழுதியதை ஒரே கோட்டில் வெட்டினேன். எங்கள் வீட்டு ஹஜ்ஜுப் பெருநாளை எழுதினேன்.

ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே தமிழில் சொல்கிறேன். பெருநாளன்று காலையில் தொழுதுவிட்டு வந்து ஆட்டை அறுத்துக் குர்பான் கொடுக்கும்வரைக்கும் எங்கள் வீட்டில் ஒருவரும் வாயில் ஒன்றும் வைப்பதில்லை. முதல் வாய் அந்த ஆட்டின் ஈரலாகத்தான் இருக்க வேண்டும். கறி ஆக்க நேரம் எடுக்கும், அதுவரை யாரால் பொறுக்க முடியும்? அதனால் வாப்பா முற்றத்திலேயே பாலைக்கட்டையை எரித்துத் தணலாக்குவார். ஈரலைத் துண்டு போட்டு, உப்பும் மிளகும் மஞ்சளும் தேசிக்காய் பிழிந்த புளியும் பிரட்டி, ஒவ்வொரு துண்டையும் கொழுப்புச் சவ்வால் சுற்றிக் கம்பியில் குத்துவார். கம்பி என்றால் சைக்கிள் சக்கரத்துக் கம்பி. அப்புத்துரையின் சைக்கிள் கடையில் கழித்துப் போடுகிற சில்லுக் கம்பிகளைக் கேட்டு வாங்கி, நிமிர்த்தி, நுனியைக் கல்லில் தீட்டி, சாம்பல் போட்டு மினுக்கி வைத்திருப்பார்.

அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, சைக்கிள் சில்லின் கம்பி என்றே எழுதினேன். தணலில் கொழுப்பு உருகிச் சொட்டும்போது ஒரு சீற்றம் கேட்கும். அதையும் எழுதினேன். வாப்பாவின் தாடியில் புகை ஏறி, பிறகு மூன்று நாளைக்கு அவர் கிட்ட வந்தாலே பெருநாள் வாசம் அடிப்பதையும் எழுதினேன். ஈரல் வெளியே கறுத்து உள்ளே இன்னும் சிவந்திருக்கும்போது, ஊதி ஊதி, நாக்கைச் சுட்டுக்கொண்டு, உம்மா ஏசஏச அதைக் கம்பியிலிருந்து பல்லால் உருவித் தின்பதை எழுதினேன். எழுதும்போது எச்சில் விழுங்கினேன். அதை மட்டும் எழுதவில்லை.

பக்கத்து வளவு வீரகத்தியரையும் விடவில்லை. அவர் ஆட்டிறைச்சி என்றால் உயிரை விடுவார். ஆனால் வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டார். ஒரு வருடம் பெருநாள் வெள்ளிக்கிழமை வந்து தொலைத்தது. மனிசன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வேலி கட்டுகிற சாட்டில் வந்து நின்று புகையை மோந்துவிட்டுப் போவார். மழை வருமோ என்று கேட்கிற சாட்டில் திரும்ப வருவார். அடுத்தநாள் விடிந்து நிலம் வெளிக்கவும் படலையடியில் நின்று, “மஹ்றூப், வெள்ளி முடிஞ்சுது!” என்று கூப்பிட்டாரே ஒரு கூப்பாடு. அவருக்கென்று எடுத்துவைத்த கம்பியை வாப்பா திரும்பத் தணலில் வாட்டிக் கொடுத்தார். கட்டுரையை அதோடு முடித்தேன். யாரும் வீடு திரும்பவில்லை, எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

வெளியே வந்து இடியப்பம் முழுவதையும் நானே தின்றேன்.

நேர்முகத்துக்கு வரச்சொல்லி இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது. திரும்பவும் அதே பஸ், அதே வவுனியா. நேசமலரை முதலில் கூப்பிட்டார்கள். போன கையோடு சிரித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு முள்ளியவளையில் ஒரு பள்ளிக்கூடம். “நல்ல பயணம், நல்லா எழுதியிருக்கிறீர் எண்டு செயலாளர் ஐயா சொன்னவர்” என்று என் காதுக்குள் சொன்னாள். தகப்பன் இல்லாத வீடு அவளுடையது. தாய் தையல் மெஷினோடு மாரடித்து வளர்த்த பிள்ளை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வாப்பாவும் கூட வந்தார், என்னைத் தனியே விட மாட்டார். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் யோகலிங்கம், சபையின் செயலாளர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வெள்ளை வேட்டி, மடிப்புக் குலையாத கோட். ஆங்கிலத்தில் புலி என்று பேர். மற்றவர் கனகலிங்கம், தண்ணீரூற்றுப் பள்ளிக்கூடத்தின் முகாமையாளர், எங்களை முன்பே தெரிந்தவர்.

யோகலிங்கம் என் தாளைத் தூக்கிப் பிடித்தார். “பிள்ளை, இது எந்தப் புத்தகம்?”

எனக்கு விளங்கவில்லை. “விளங்கேல்லை ஐயா.”

“எந்தப் புத்தகத்தில இருந்து இதை எடுத்தனீர் எண்டு கேக்கிறன்.”

“நானே எழுதினனான் ஐயா.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “துருக்கி தேசத்தைப் பற்றி ஒரு வெள்ளைக்காரன் எழுதின பயணப் புத்தகம் ஒண்டு நான் வாசிச்சிருக்கிறன். அதில இறைச்சியைக் கம்பியில குத்தித் தணலில சுடுறதை இப்பிடித்தான் எழுதியிருக்கு. கொழுப்பு உருகிறது, புகை வாறது, எல்லாம். அதுக்குக் கபாப் எண்டு பேர். அந்தச் சொல்லையும் கம்பிக்குரிய சொல்லையும் நீர் வேணுமெண்டே விட்டிட்டீர், களவு தெரியக் கூடாதெண்டு. பதிலுக்குச் சைக்கிளைக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறீர்.”

“எனக்கு அந்தச் சொல்லுகள் தெரியாது ஐயா. அதாலதான் எழுதேல்லை.”

“தெரியாதவைக்கு இப்பிடி எழுத வராது. இதை வாசிக்க எனக்கே, மச்சம் தொடாத எனக்கே வாயூறினது. முல்லைத்தீவில இருந்து வந்த ஒரு பிள்ளை அப்பிடி எழுதுமோ?”

இதைப் பாராட்டாக எடுப்பதா ஏச்சாக எடுப்பதா என்று தெரியாமல் நின்றேன். இரண்டும்தான். அவர் பாராட்டியதும் ஏசியதும் ஒரே காரணத்துக்காக.

“மற்றப் பிள்ளையளைப் பாரும்” என்று பக்கத்தில் இருந்த தாள்கட்டைத் தட்டினார். “அங்கயும் இங்கயும் பிழை விட்டிருக்குதுகள். ஆனால் சொந்தமா எழுதியிருக்குதுகள்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. அந்த மண்டபம் முழுக்க ஒரே ஓடைக்கரையில் ஒரே விரிப்பில் குந்தியிருந்து வெள்ளரிக்காய் தின்றது! இத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்திய மனிசனுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. ஒரே மாதிரி எழுதுவதுதான் எழுத்து என்று அவர் மனதார நம்பினார். வேறு மாதிரி ஒன்று வந்ததும் அதுதான் களவு என்று பட்டிருக்கிறது.

“என்ன சிரிப்பு?” அவர் முகம் சிவந்தது. “சொல்லும், என்ன சிரிப்பு?”

சொல்லியிருக்கலாம். அந்த மாதிரிப் புத்தகத்தின் பேரைச் சொல்லி, பக்கத்தையும் சொல்லி, கட்டில் உள்ள தாள்களை வரிசையாக விரித்துப் பாருங்கோ என்று சொல்லியிருந்தால் அவர் மூக்கு உடைந்திருக்கும். வாய்வரை வந்தது. ஆனால் கட்டின் மேலே நேசமலரின் எழுத்து தெரிந்தது, அவளுடைய சாய்ந்த எழுத்து எனக்கு எங்கே கண்டாலும் தெரியும். கதவுக்கு வெளியே அவள், எனக்கும் வேலை கிடைத்ததும் சேர்ந்தே ஊருக்குப் போகலாம் என்று காத்திருந்தாள்.

“ஒண்டுமில்லை ஐயா” என்றேன்.

வாப்பாவுக்கு இந்தப் புத்தகக் கதை ஒன்றும் விளங்கவில்லை, களவு என்ற சொல்லைத் தவிர. அந்தச் சொல் மட்டும் அவருக்கு நன்றாக விளங்கியது. “ஐயா, என்ட புள்ள என்னத்தைக் களவெடுத்தவ?” என்று கேட்டார்.

கனகலிங்கம் குறுக்கே வந்தார். “மஹ்றூப் நானா, பதறாதேங்கோ. பெரிய விசயமில்லை. பிள்ளை ஏதோ புத்தகத்தைப் பார்த்து எழுதிப்போட்டுது. எனக்கு ஆள் வேணும், பள்ளிக்கூடம் ஆங்கிலம் இல்லாமக் கிடக்கு. நான் ஐயாவோட கதைச்சுப்போட்டன். ஒரு தாளில, புத்தகத்தைப் பார்த்து எழுதினனான், மன்னிக்கவும் எண்டு பிள்ளை ஆங்கிலத்தில எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். ஐயா மன்னிச்சு வேலையைத் தருவார். நாளைக்கே வந்து வேலையைப் பாரமெடுக்கலாம்.”

யோகலிங்கம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். பேனாவையும் வைத்தார்.

வாப்பா என்னைப் பார்த்தார். “எழுதிக் குடுத்திரு மகள்” என்றார் மெதுவாக. “ஒரு வரிதானே. வேலை கிடைக்குதே.”

நான் எழுதவில்லை. பேனாவைத் தொடவும் இல்லை. இந்த ஒரு வரியில் எல்லாம் இருந்தது. எழுதினால் நாளைக்கு நான் மஸீனா ரீச்சர். எழுதாவிட்டால் வாப்பாவுக்குக் கொடுத்த வாக்குப்படி இதோடு கதை முடிந்தது, இனி எனக்கு ஒரு பரீட்சையும் இல்லை.

“வாப்பா, நான் என்னத்தைப் பற்றி எழுதினன் எண்டு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். அதுவரை அவருக்குச் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. “பெருநாளண்டு நீங்க ஈரல் சுடுறதை. சைக்கிள் கம்பியில குத்திச் சுடுறதை. வீரகத்தி அண்ணை வேலியில வந்து நிண்டதை.”

வாப்பா யோகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். “ஐயா, அது எங்கட முத்தத்தில நடந்தது. சுட்டது நான்தான்.”

“நீர் தகப்பன். அப்பிடித்தான் சொல்லுவீர்” என்றார் யோகலிங்கம், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே. “வெள்ளிக்கிழமை ஒரு சைவக்காரன் உங்கட வேலியடியில நிண்டு வாயூறினவனாம். இதையெல்லாம் நான் நம்போணுமோ?”

கனகலிங்கம் கூரையைப் பார்த்தார். அவருக்கு வீரகத்தியரை நன்றாகத் தெரியும். நம்பாமல் என்ன. ஆனால் அவருக்கு ஆள் வேண்டும், அதற்குமேல் சண்டை வேண்டாம்.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. அதை விழுங்கினேன். என் வாப்பாவின் கை, எங்கள் முற்றத்துப் புகை, என் நாக்கில் பட்ட சூடு, எல்லாவற்றையும் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் புத்தகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அதற்குச் சம்பளமாக ஒரு கதிரை வாங்க வேண்டுமாம். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு நான் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது?

“வாப்பா?” என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “உன்ட விருப்பம் மகள்” என்றார். இந்தத் தடவை மெதுவாகச் சொல்லவில்லை.

பேனாவை எடுத்தேன். கனகலிங்கத்துக்கு மூச்சு வந்தது. அந்த வெள்ளைத் தாளில் ஆங்கிலத்தில் இரண்டே வசனம் எழுதினேன். கீழே என் முழுப் பேரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். தாளைத் திருப்பி யோகலிங்கத்தின் முன்னால் வைத்தேன்.

அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

“என்ன எழுதியிருக்கு?” என்று கனகலிங்கம் எட்டிப் பார்த்தார். யோகலிங்கம் தாளைக் கவிழ்த்தார். அதனால் நானே தமிழில் சொன்னேன், வாப்பாவுக்கும் கேட்க வேண்டும் என்று.

“நான் அதைத் திண்டிருக்கிறன். நீங்கள் அதை வாசிச்சு மட்டும்தான் இருக்கிறீங்கள்.”

யோகலிங்கம் எழும்பிவிட்டார். “இந்தச் சபையின்ர ஒரு பள்ளிக்கூடத்திலயும் உமக்கு இனி இடமில்லை. விளங்கிச்சுதோ? ஒரு பள்ளிக்கூடத்திலயும்!”

“விளங்குது ஐயா.”

வாப்பா எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்கு வருகிற பெரிய மனிசருக்குக்கூட அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. நான் அவர் பக்கம் நடந்தேன்.

“இந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போம்!” யோகலிங்கம் பின்னாலிருந்து கத்தினார். அதை விரல் நுனியால் தூக்கிப் பிடித்திருந்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

“வைச்சிருங்கோ ஐயா. அதுவும் நானே எழுதினதுதான்.”